இலங்கை: மழைக்காட்டிலிருந்து மன்னார் வரை, வழிகாட்டியுடன் 12 இரவு. இந்தத் திட்டம் தேறுமா?

நீர்முள்ளி எழுதியது:

வணக்கம். பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஆறு பேர் இலங்கை போகிறோம். எல்லாரும் ஓரளவு பறவை பார்த்துப் பழகியவர்கள். இலங்கைக்கே உரிய ஓரிடவாழ்விகள்தான் முதல் நோக்கம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய திட்டம் இது:

கித்துல்கல 1 இரவு, சிங்கராஜா 1, உடவளவை 1, திஸ்ஸமகாராம 2 (யால சஃபாரி), எல்ல 1, நுவரெலியா 1, கண்டி 1, சீகிரியா 2, மன்னார் 1, யாழ்ப்பாணம் 1.

எல்லா வாழிடமும் வந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்? வழிகாட்டியிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

---

ஈரக்காடு எழுதியது:

பத்து ஊர் இருக்கிறது. ஒவ்வொரு வாழிடத்துக்கும் எத்தனை விடியல் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிப்ரவரியில் சூரியன் ஆறரைக்குச் சற்று முன்னே எழும். காட்டுப் பறவைகள் ஆறிலிருந்து ஒன்பதரை வரை நன்றாக இயங்கும், பிறகு அடங்கிவிடும், மாலை நாலரைக்கு மேல் மறுபடி கொஞ்சம் அசைவு இருக்கும். ஓர் ஊரில் ஓர் இரவு என்றால் கையில் ஒரே ஒரு விடியல்தான். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் அந்த வாழிடமே போச்சு. அதோடு அன்றே பெட்டி கட்டி அறையைக் காலி செய்ய வேண்டும், எட்டரைக்கே சாரதி மணி பார்க்கத் தொடங்கிவிடுவார்.

உங்கள் நோக்கம் ஓரிடவாழ்விகள் என்றால் சிங்கராஜாவுக்கு ஓர் இரவு போடுவது பெரிய பிழை. அங்கே மூன்று வேண்டும். எல்லவும் கண்டியும் நல்ல ஊர்கள்தான், ஆனால் இந்தப் பட்டியலுக்கு அவை புதிதாக எதையும் தராது. யாலவில் பிப்ரவரி என்றால் சிறுத்தைக்காக ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். பறவைக்குத் திஸ்ஸவுக்கு அருகிலுள்ள புந்தல தேசியப் பூங்கா போதும்.

நான் மாற்றினால் இப்படி இருக்கும்: கித்துல்கல 1, சிங்கராஜா 3, திஸ்ஸமகாராம 2, நுவரெலியா 2, சீகிரியா 1, மன்னார் 2, யாழ்ப்பாணம் 1. அதே 12 இரவு, பத்து ஊருக்குப் பதில் ஏழு. உடவளவைக்குத் தனி இரவு தேவையில்லை. சிங்கராஜாவிலிருந்து காலை 10.30-க்கு வெளிக்கிட்டால் ரக்வானை, எம்பிலிப்பிட்டிய வழியாக இரண்டு மணியளவில் அங்கே போய்விடலாம். 2.30 முதல் 5.30 வரை ஜீப், அதன்பின் ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் திஸ்ஸ.

சிங்கராஜாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒரு குருவியும் கண்ணில் படாது. "இதுவா உலக மரபுரிமைக் காடு" என்று சலிப்புத் தட்டும். அந்தக் காட்டுப் பறவைகளில் பெரும்பகுதி கலப்புக் கூட்டமாகத்தான் நகரும். ஒரே கூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது பறவைகளும் இருப்பது சாதாரணம். கூட்டத்தின் கரு செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகள். அவற்றோடு இலங்கைக் கரிச்சான் காவல்காரனாகப் போகும். தவிட்டுக்குருவிகளின் இடைவிடாத சலசலப்பும் கரிச்சானின் உலோகச் சத்தமும் சேர்ந்து கேட்டால் கூட்டம் வருகிறது என்று பொருள்.

அப்போது எல்லாரும் செய்கிற தவறு, சத்தம் வரும் பக்கம் ஓடுவது. ஓடக்கூடாது. குடாவ வாயிலிலிருந்து ஆய்வு நிலையம் வரை போகும் அகலமான பாதை 1970-களில் மரம் வெட்டி ஏற்றப் போட்ட பழைய வீதி. கூட்டம் அந்த இடைவெளியைக் கடக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெளிவாகத் தெரியும். கூட்டம் போகும் திசையைக் கணித்து, முப்பது நாற்பது மீற்றர் முன்னே ஒரு வளைவில் போய் அசையாமல் நின்றுவிடுங்கள்.

பார்க்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் தரை: சாம்பல்தலைச் சிரிப்பான்கள் சருகைப் புரட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னே போய்விடும். அடுத்து நடுமட்டம். கடைசியில் உச்சி: வெண்முக மைனா, நீல மாக்பை, செம்முக மல்கோகா. மல்கோகா சத்தமே போடாது. கொடி பின்னிய கிளையில் அணில் ஓடுவதுபோல ஓடி மறையும். உச்சியில் "அணில்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ஒருமுறை தொலைநோக்கியைத் தூக்கிப் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. அங்கே கரிச்சானின் வாலில் துடுப்பைத் தேடாதீர்கள். ஈரவலயக் காட்டில் இருப்பது தனி இனம், கவடுபட்ட வால்தான், துடுப்பு கிடையாது. துடுப்புவால் கரிச்சான் உலர்வலயத்தில் வரும். இந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலை அப்படியே எடுத்துவிடும், ஆகவே குரலை மட்டும் வைத்து எதையும் பட்டியலில் எழுத வேண்டாம்.

---

கரிச்சான் எழுதியது:

ஈரக்காடு சொன்ன சிங்கராஜா விஷயம் முழுக்கச் சரி. வடக்குப் பகுதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு மன்னாரும் யாழ்ப்பாணமும் எதற்கு? ஊசிவால் வாத்து, பூநாரை, கருவால் மூக்கன், உள்ளான் கூட்டம் எல்லாம் கோடியக்கரையிலேயே கிடைக்கிறது. நண்டு தின்னி உள்ளானுக்குத் தனுஷ்கோடிப் பக்கம் முயலலாம். வடக்கில் மட்டும் கிடைக்கும் ஓரிடவாழ்வி ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று இரவையும் கித்துல்கலவுக்கும் மலைக்கும் பிரித்துக் கொடுங்கள், மழை வந்தாலும் தாங்கும்.

---

கட்டுக்கரை எழுதியது:

கரிச்சான் அண்ணை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கௌதாரியும் சாதாரணக் கரிச்சானும் இலங்கையில் வடக்கு, வடமேற்குப் பக்கம்தான். கொழும்பிலிருந்து வருபவர்கள் அவற்றுக்காகவே மன்னார் வருவார்கள். உங்களுக்கு அவை ஊர் வேலியில் நிற்கிறவை, அவற்றுக்காக ஒருவரும் கடல் தாண்ட வேண்டியதில்லை.

ஆனால் வடக்கை வெட்டினால் இழப்பது வேறு. வாத்தும் உள்ளானும் எங்கேயும் உண்டு, எவ்வளவு கிட்ட என்பதுதான் கேள்வி. மன்னாரில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010-இல் ராம்சார் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்த இடம். அதை ஊடறுத்துப் போகும் வீதியிலிருந்தே, வாகனத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு, பெரும்பாலான பறவைகளைப் பார்க்கலாம். சேற்றில் இறங்க வேண்டியதில்லை. வாகனத்தின் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினால் உப்புக்கொத்திகள் நகராது. கதவு திறந்த அடுத்த நொடியே கூட்டம் எழும்பிவிடும். பூநாரைக்குப் புந்தலவை நம்ப வேண்டாம். மேலே இருக்கும் பாசனத் திட்டத்தின் கழிவுநீர் அங்குள்ள களப்புகளில் கலந்து உவர்ப்புக் குறைந்தபின் அவை அங்கே பழையபடி தங்குவதில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணக் களப்புகளிலும் பாருங்கள்.

மற்றது மரங்கொத்தி. தெற்கில் நீங்கள் பார்ப்பது இலங்கைக்கே உரிய செம்முதுகு மரங்கொத்தி, முதுகு நல்ல சிவப்பு. யாழ்ப்பாணத்துப் பனங்கூடலில் பார்ப்பது பொன்முதுகு. இடையில் வவுனியா, திருகோணமலைப் பக்கம் இரண்டும் கலந்து, செம்மஞ்சள் முதுகோடு பல சாயலில் நிற்கும். 12 இரவுக்குள் தெற்கிலிருந்து வடக்கே ஒரே கோட்டில் வரும்போது ஒரு பறவையின் முதுகு நிறம் கண்முன்னே மாறுவதைப் பார்க்கலாம். பட்டியலில் எண்ணிக்கை கூடாது, ஆனால் இந்தத் தீவின் ஈரமும் உலர்வும் எங்கே பிரிகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

நடைமுறைக்கு வருகிறேன். மன்னாரில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வேறு நாடுகளில்போல வற்று நேரம் பார்த்துத் திட்டம் போடுவதால் பெரிய பயனில்லை. வெளிச்சத்தையும் காற்றையும் பாருங்கள். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி வீதியின் கிழக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு சேற்றுப் பரப்பில் கானல் எழும்பும். அப்போது ஸ்கோப்பை (முக்காலியில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) 60 மடங்குக்குத் திருப்பினால் ஆடுகிற நிழல்தான் தெரியும். 25, 30-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு கட்டுக்கரைக் குளத்துக்குப் போங்கள். அங்கே நீளவால் இலைக்கோழியும் குள்ளத்தாராவும் அல்லிப் பரப்பில் கிட்டவே நிற்கும், கானல் தொல்லையில்லை.

நண்டு தின்னி உள்ளானுக்குத் தலைமன்னார்ப் பக்கம். மணல்திட்டில் தூரத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் குந்தியிருக்கும், கடற்காகம் என்று கடந்துபோய்விடுவார்கள். அலகைப் பாருங்கள்: உள்ளானுக்குரிய மெல்லிய அலகு கிடையாது, ஆலாவின் அலகைவிடத் தடித்த கறுப்பு அலகு.

திரும்பும் வழி: மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. அதில் ஏறினால் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்குத் திரும்ப ஓடும் எட்டு மணி நேரம் மிச்சம். ஸ்கோப், முக்காலி கொண்டுவருபவர்கள் பொதி எடை வரம்பை முன்பே பார்த்துவிடுங்கள்.

---

கரிச்சான் எழுதியது:

// முதுகு நிறம் கண்முன்னே மாறுவதைப் பார்க்கலாம் //

இந்த மரங்கொத்தி விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. பலாலி வழியாகத் திரும்புவதென்றால் வடக்கு வழியிலேயே வந்துவிடுகிறது, என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் மன்னாரில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் ஒன்று, அதற்குமேல் போக வேண்டாம்.

---

மலைமுகடு எழுதியது:

நுவரெலியாவுக்கு ஓர் இரவு என்று போட்டவர் ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியலில் போனதே இல்லை என்று தோன்றுகிறது. மலைக்குரிய ஆறு பறவைகள் உங்கள் பட்டியலில் இருக்கும்: இலங்கைச் சீட்டிக் குருவி (அரெங்கா), மங்கல்நீல ஈப்பிடிப்பான், மஞ்சள்காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி, இலங்கைக் காட்டுப்புறா, இலங்கைப் புதர்க்கதிர்க்குருவி. இவற்றில் ஈப்பிடிப்பானும் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் தானாக வரும். மற்ற மூன்றுக்கும் வேலை செய்ய வேண்டும்.

அரெங்காவுக்கு ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா: நுவரெலியா நகரிலிருந்து 32 கி.மீ. தூரம், மலைப்பாதை. நாலரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும்போது முதல் சில வாகனங்களுக்குள் நிற்க வேண்டும், சீட்டு எடுக்கும் வரிசையில் இருபது நிமிடம் போய்விட்டால் அரெங்காவின் நேரமும் போய்விடும். அது ஓடைக்கரையில், பாசி படர்ந்த கல்லுக்கும் வேருக்கும் இடையில், இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்தச் சிறுபொழுதில் மட்டும் வெளியே வரும். வழிகாட்டிகள் 'அரெங்காக் குளம்' என்று சொல்லும் வீதியோரக் குட்டைதான் வழக்கமான இடம். முதலில் காதில் விழுவது ஊசிபோல மெல்லிய, உயர்ந்த ஒற்றைச் சீழ்க்கை. ஆண் பார்வைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். தோளில் சின்ன நீலத்திட்டு ஒன்று உண்டு, திரும்பும்போது ஒரு கணம் மின்னும். நீலத்தைத் தேடிக்கொண்டு நின்றால் பறவையே தப்பிவிடும். கல்மேல் கறுப்பாக ஏதாவது வாலை விரித்து மடக்குகிறதா என்று பாருங்கள்.

புதர்க்கதிர்க்குருவி 'நெலு' என்று அங்கே சொல்லும் குறிஞ்சிப் புதரிலும் குட்டை மூங்கிலிலும் முழங்கால் உயரத்தில் ஊர்ந்து திரியும். இதற்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. காட்டுப்புறாவுக்கு, பழமரத்தடியில் தலையைத் தூக்கி வையுங்கள். பிடரியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருக்கும்.

வெள்ளைக்கண்ணியில் அங்கே இரண்டு இனம் உண்டு. தாழ்நிலத்தில் பார்க்கும் வழக்கமான இனம் இளமஞ்சளாக இருக்கும். இலங்கை வெள்ளைக்கண்ணி கரும்பச்சை, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் முன்பக்கம் விட்டுப்போயிருக்கும். படம் எடுத்தவர்கள் பெரிதாக்கிப் பாருங்கள், இந்த ஓர் அடையாளம் போதும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பிப்ரவரி விடியலில் 5 பாகைக்குக் கீழேயும் போகும், புல்லில் உறைபனி பிடிக்கும். கையுறை இல்லாவிட்டால் தொலைநோக்கியைத் திருகவே முடியாது. வாயிலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், ஆகவே காலை உணவை மூடிபோட்ட டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

நகரத்துக்குள் விக்டோரியா பூங்கா. ஓரமாக ஓடும் ஓடையும் புதரும்தான் இடம், பூப்பாத்தியில் ஒன்றும் இல்லை. அங்கேதான் குளிர்காலத்துக்கு வந்த காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பாடும்பறவையும் கிடைக்கும். பாடும்பறவை அடையும் நேரத்துக்குச் சற்று முன்னே, மாலை ஐந்தரை வாக்கில் ஓடைப்பக்கம் இறங்கும்.

---

தேன்சிட்டு எழுதியது:

கருவிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்த்துவிடுகிறேன்.

மழைக்காட்டுக்கு 8×42 தொலைநோக்கி. 10×42 வைத்திருப்பவர்கள் அதுவே பெரியது என்று எடுத்து வருவார்கள், உள்ளே போனதும் வருந்துவார்கள். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. கவிகைக்குக் கீழே, காலை ஆறரை மணி இருட்டில், அந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தில்தான் நிழலும் பறவையும் பிரிகின்றன. மன்னாரில் 10 மடங்கு நல்லது, ஆனால் அங்கே வழிகாட்டியின் ஸ்கோப் இருக்கும். ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் 8.

ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் கண்ணாடி வேர்த்துவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வேர்க்கும், பத்து நிமிடம் பார்வையில்லை. இடம் சேர இருபது நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துச் சன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். இரவில் தொலைநோக்கியையும் கேமராவையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மூன்று நாள் ஈரம் போதும், லென்ஸுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும்.

அட்டை: கித்துல்கல, சிங்கராஜா இரண்டிலும் நிச்சயம். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவு அட்டைக் காலுறையை வாங்கி, பேன்ட்டை அதற்குள் சொருகிக் கட்டுங்கள். சாதாரணக் காலுறையின் கண்ணி வழியாக அட்டை நுழைந்துவிடும். காலணியின் மேல் நனைத்த சவர்க்காரத்தைத் தேய்த்தால் ஓரளவு நிற்கும், மழையில் கழுவிப்போகும், மறுபடி தேய்க்க வேண்டும். கடித்ததைப் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கத்தை வழித்து எடுங்கள். இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் நெடுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, அழுத்திக் கட்டிவிட்டு நடங்கள். வெளிர்நிறச் சட்டை போட்டால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

---

நீர்முள்ளி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மிச்சம். செரண்டிப் ஆந்தையை இரவில் குரல் ஒலிக்கவிட்டு வரவழைத்துத் தருகிறேன் என்று ஏற்பாட்டாளர் எழுதியிருக்கிறார். அது சரியா? இரண்டாவது, வழிகாட்டியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

---

ஈரக்காடு எழுதியது:

முதல் கேள்விக்கு: வேண்டாம். அந்த ஆந்தையின் குரல் 1995-இல் கித்துல்கல காட்டில் முதலில் கவனிக்கப்பட்டது. பறவையைக் கண்ணால் கண்டு உறுதி செய்தது 2001 சனவரியில், சிங்கராஜாவில். 2004-இல் புதிய இனமாக அறிவித்தார்கள். 1868-க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவை இனம் அது. தாழ்நில மழைக்காட்டின் மிஞ்சியிருக்கும் துண்டுகளில் மட்டும் இருக்கிறது. வருகிற குழுவெல்லாம் அதைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு இரவும் ஒரு குழு வந்து, எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று அதை நம்பவைத்தால், இரை தேட வேண்டிய நேரத்தை அது காவலுக்குச் செலவழிக்கும். சில நாளில் பதில் சொல்வதையே நிறுத்திவிடும், இடத்தையே விட்டும் போகலாம்.

ஒலிக்கவிடாமலே பார்க்க வழி இருக்கிறது. அந்தி சாய்ந்ததும் காட்டோர வீதியில் விளக்கை அணைத்து அரை மணி நேரம் நில்லுங்கள். மெல்லிய, ஊதுவதுபோன்ற ஒற்றைக் குரல், நீண்ட இடைவெளி விட்டு மறுபடி. குரல் கேட்டாலே பட்டியலில் 'கேட்டது' என்று பதியலாம். பகலில் அடைந்திருக்கும் இடம் உள்ளூர் வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே போனால் ஒரு தடவைக்கு மூன்று பேர், இரண்டு நிமிடம், ஃபிளாஷ் இல்லை. கிளையை ஒதுக்கிப் படம் எடுக்க விடாதீர்கள், மறைப்பு போனால் காகமும் கரிச்சானும் கண்டுபிடித்துவிடும். இடத்தின் ஆயத்தொலைவை இணையத்தில் போடவே வேண்டாம். தவளைவாயன் என்னும் இரவுப் பறவைக்கும் இதே முறைதான்: இணையாக, இரண்டு காய்ந்த இலைபோல ஒட்டிக்கொண்டு இருக்கும், அடுத்த நாளும் அதே கிளையில் இருப்பதற்கு நாம் தொந்தரவு செய்யாததுதான் காரணமாக இருக்கும்.

பச்சை அலகுச் செம்போத்துக்கும் ஒலி தேவையில்லை. விடியலில் மூங்கிலும் கொடியும் அடர்ந்த ஓடைப்பக்கம் உட்கார்ந்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற கூவல் கேட்கும். வழக்கமான செம்போத்தும் அதே பகுதியில் உண்டு, அதன் அலகு கறுப்பு. இதன் அலகு வெளிறிய தந்தப்பச்சை, இருட்டுக்குள் முதலில் கண்ணில் படுவதே அந்த அலகுதான். ஹபன் குகுளா என்னும் இலங்கைச் சுண்டாங்கோழியை மட்டும் வாக்குக் கொடுக்கும் வழிகாட்டியை நம்பாதீர்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறிக்கொண்டே போகும் சீழ்க்கை பத்து மீற்றரில் கேட்கும், பறவை தெரியாது.

இரண்டாவது கேள்விக்கு. இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

வழிகாட்டியும் சாரதியும் ஒருவரா, இருவரா? ஒருவரே என்றால் நாலு மணிக்கு எழுந்து பறவை காட்டிவிட்டு, பிற்பகல் ஆறு மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டுவார். நான்காம் நாளே கண் சொருகும். ஆறு பேருக்கு இரண்டு ஆள் வேண்டும்.

உரிமம் என்ன வகை? சுற்றுலா அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறது, ஆனால் அது பறவை அறிவுக்கான சான்றல்ல. எந்தக் குரலைக் கேட்டு எதை அடையாளம் காண்பார் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்லவர் "இது வரும், இது வராமலும் போகலாம்" என்று பிரித்துச் சொல்வார். எல்லாம் வரும் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கட்டணத்தில் என்ன அடங்கும்? சிங்கராஜாவுக்கு வனத் திணைக்களச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் தனி, குடாவவிலிருந்து வாயில் வரை கரடுமுரடான பாதைக்கு ஜீப்பும் தனி. தேசியப் பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களச் சீட்டும் ஜீப்பும். வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் கட்டணம் பெரிய வித்தியாசம், சார்க் நாட்டவருக்குச் சலுகை உள்ள இடங்களும் உண்டு. ஆகவே கடவுச்சீட்டு பையிலேயே இருக்கட்டும், விடுதியில் விட்டுவர வேண்டாம்.

பறவை காட்டும் முறையையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மரத்தின் உச்சியைப் பன்னிரண்டு மணியாக வைத்து "இரண்டு மணிக்கு, தண்டிலிருந்து ஒரு முழம் உள்ளே" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் ஆறு பேரும் ஐந்து விநாடியில் பிடித்துவிடலாம். லேசர் பயன்படுத்தினால் பறவைக்கு இரண்டு அடி கீழே மரத்தில் மட்டும். ஒற்றையடிப் பாதையில் முன்னால் நிற்பவர் பார்த்ததும் குனிந்து பின்னால் போக வேண்டும், இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் பயணம் முழுக்க முதுகைத்தான் பார்ப்பார்கள்.

---

கட்டுக்கரை எழுதியது:

உலர்வலயம் பற்றிச் சுருக்கமாக. திஸ்ஸவில் ஒரு விடியல் புந்தல, இலங்கையின் முதல் ராம்சார் இடம், 1990. பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, ஆகவே ஜீப்பில் ஆறு பேரும் ஓரத்தில் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற விடியலுக்குத் தெபரவெவக் குளக்கரை: கருங்குருகும் மஞ்சள்குருகும், சுற்றியுள்ள தென்னந்தோப்பில் வெண்பிடரி மரங்கொத்தியும். பலட்டுபான உப்பளத்தை வீதியோரமாக நின்றே பார்க்கலாம்.

சீகிரியாவில் குன்றில் ஏறுவதை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காட்டுப்பாதையில் ஆறுமணிக் குருவியைத் தேடுங்கள். பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை கொடுக்கும். ஏப்ரல் வரை தங்கும். குரல் வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தரைச் சருகில் பார்வையைத் தாழ்த்தி வையுங்கள்.

---

நீர்முள்ளி எழுதியது:

ஈரக்காடு தந்த திட்டத்தையே எடுத்துக்கொள்கிறோம். ஞாயிறு காலை கொழும்பில் இறங்குகிறோம். ஞாயிறு கித்துல்கல, திங்கள் முதல் புதன் வரை சிங்கராஜா, வியாழன், வெள்ளி திஸ்ஸ, சனி, ஞாயிறு நுவரெலியா, திங்கள் சீகிரியா, செவ்வாய், புதன் மன்னார், வியாழன் யாழ்ப்பாணம், வெள்ளி பலாலி. ஞாயிறு விடியலில் ஹோர்ட்டன் சமவெளி.

---

மலைமுகடு எழுதியது:

ஞாயிறு ஹோர்ட்டன் வேண்டாம். விடுமுறை நாளில் வாயிலில் வரிசை நீளும், 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறை முனையைப் பார்க்க வருகிற கூட்டம் அரெங்காக் குளத்தருகே வண்டியை நிறுத்திச் சத்தம் போடும். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளும் அப்படித்தான். நாட்காட்டியில் பௌர்ணமி எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஞாயிறு விடியலுக்கு நகரத்தை ஒட்டிய கால்வேஸ் லாண்ட் போங்கள். சிறிய காடுதான், ஆனால் ஈப்பிடிப்பானும் சின்னானும் அங்கேயே முடிந்துவிடும். அதன்பின் ஹக்கல தாவரவியல் பூங்கா, மாலை விக்டோரியா பூங்கா ஓடை. திங்கள் நாலரைக்குப் பெட்டியோடு கிளம்பி ஹோர்ட்டன், 10 மணிக்கு வெளியே வந்து கண்டி வழியாகச் சீகிரியா, ஏழு மணி நேரம் பிடிக்கும். இதில் ஒரு குறை: திங்கள் காலை மழை பெய்தால் அரெங்காவுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளுங்கள். அப்போது நுவரெலியாவின் இரண்டு விடியலும் திங்கள், செவ்வாய் என்று வரும், இரண்டிலும் வாயிலில் கூட்டம் இருக்காது.

---

நீர்முள்ளி எழுதியது:

சீட்டு எடுக்கவில்லை. திங்கள்கிழமை கிளம்புகிறோம்.